தொகுதிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் வீடு வீடாக ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அச்சிட்ட அந்தப் புத்தகத்தின் அட்டையில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பியபடி நிற்கிறார். உள்ளே, 2021 மே மாதம் பதவியேற்றது முதல் அவர் தொகுதிக்குச் செய்தவை என்று நீண்டதொரு பட்டியல் இருக்கிறது. படித்து முடித்த அன்றே தங்களுக்கு எழுத நினைத்தேன். பட்டியலில் எது உண்மை, எது பாதி உண்மை என்று சரிபார்க்காமல் எழுதுவது முறையாகாது என்பதால், கிடைக்கக்கூடிய ஆவணங்கள் கைக்கு வந்து அவற்றைப் படித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தேன்.

கடலூர் மாவட்டத்தின் 9 தொகுதிகளுள் அது எது என்பதையும், அந்த உறுப்பினரின் பெயரையும் கட்சியையும் நான் வேண்டுமென்றே குறிப்பிடாமல் விட்டிருக்கிறேன். திட்டக்குடியிலிருந்து காட்டுமன்னார்கோவில் வரை எந்தத் தொகுதி வாக்காளரும் தம் உறுப்பினரின் பெயரை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தகுதியையும் பணியையும் நாம் எதைக் கொண்டு எடைபோடுகிறோம் என்ற கவலையே என்னை எழுத வைத்தது. அந்தக் கவலை எல்லாக் கட்சிக்கும் பொது.

மஞ்சக்குப்பத்தில் உள்ள நீதிமன்றத்தில் 34 ஆண்டுகள் வழக்குரைஞர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்வதும், நோட்டரியிடம் கையொப்பம் வாங்குவதும், சொத்து வழக்குகளுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுப்பதுமாகவே என் காலம் கழிந்தது. எங்கள் பக்கத்தில் மூன்று சென்ட் மனை வாங்குகிற கூலித் தொழிலாளிகூட, முப்பது வருடத்துக்கு ஈ.சி. என்ற வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரம் பார்த்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, பக்கத்து மனைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்த பிறகுதான் முன்பணம் கொடுக்கிறார். பெண் கொடுக்கும் வீட்டைப் பற்றி நான்கு ஊரில் விசாரிக்கிறோம். ஆனால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சார்பில் ஐந்து ஆண்டுகள் சட்டமன்றத்தில் உட்காரப் போகிறவர், தம்மைப் பற்றிச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தொகுதியில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று கேட்டால், என்னையும் சேர்த்து, பதில் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகள் ஊரார் பத்திரங்களைப் படித்த நான், எங்கள் உறுப்பினரின் பிரமாணப் பத்திரத்தை இந்த ஆண்டுதான் முதன்முதலாகப் படித்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வருத்தமாகவே இருக்கிறது.

அந்தச் சாதனைப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். அதன் முதல் ஆறு பக்கங்களில் இருப்பவை நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு, குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை ஆகியவை. இவை நல்ல திட்டங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மருமகளும் அந்த ஆயிரம் ரூபாயைப் பெறுகிறார். ஆனால் இவை மாநிலம் முழுவதற்கும், 234 தொகுதிகளுக்கும், ஆளுங்கட்சி உறுப்பினர் இருக்கும் தொகுதி, எதிர்க்கட்சி உறுப்பினர் இருக்கும் தொகுதி என்ற வேறுபாடின்றி அரசு நடைமுறைப்படுத்திய திட்டங்கள். இந்த உறுப்பினர் இல்லாமல் வேறு யார் இருந்திருந்தாலும் எங்கள் தொகுதிக்கு அவை வந்தே இருக்கும். முந்தைய ஆட்சியில் மடிக்கணினியும் மிதிவண்டியும் உறுப்பினர்களின் தனிச் சாதனையாக இப்படித்தான் துண்டறிக்கைகளில் ஏறின. அரசின் கணக்கு வேறு, உறுப்பினரின் கணக்கு வேறு. ஒன்றை மற்றொன்றில் வரவு வைத்தால் எந்தக் கணக்கும் நேராகாது.

உறுப்பினரின் சொந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்றால், முதலில் வேட்புமனுவுடன் அவர் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. அது நமக்கு எளிதில் கிடைத்துவிட்ட உரிமையன்று. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வீச்சைக் குறைக்கும் வகையில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அவசரமாகத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2003 மார்ச் 13ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் சொன்ன பிறகுதான் இன்றைய நடைமுறை நிலைபெற்றது. கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டுக் கையொப்பமிடும் பழக்கத்துக்கு 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. வேட்பாளர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு சேர்த்தது. ஆக, பதினாறு ஆண்டுகள் வழக்காடி, வரி வரியாகப் பெற்றுக் கொடுத்த பத்திரம் அது.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் எடுக்கலாம். எங்கள் உறுப்பினர் இதற்கு முன்பும் போட்டியிட்டவர் என்பதால் 2016, 2021 ஆகிய இரண்டு தேர்தல்களின் பத்திரங்களையும் எடுத்துத் தரும்படி நீதிமன்றத்துக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். அங்கே வேலை பார்க்கும் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போடப் போகிறாள். அச்சாகி வந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, அசையும் சொத்து அட்டவணையில் நகைக்கு எதிரே இருந்த கிராம் கணக்கை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு, "தாத்தா, இதெல்லாம் அவங்களே எழுதிக் குடுத்ததா? சரியா தப்பான்னு யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் எனக்கு உடனே பதில் வராத கேள்விகளுள் அதுவும் ஒன்று.

அவள் கேட்டதில்தான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இருக்கிறது. வேட்புமனுப் பரிசீலனையின்போது தேர்தல் நடத்தும் அலுவலர், பத்திரம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறதா, சத்தியப் பிரமாணம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, எழுதியிருப்பது உண்மையா என்று விசாரிப்பதில்லை. பொய்யான தகவல் தருவதும் தகவலை மறைப்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தேர்தலே செல்லாது என்று அறிவிக்கக் கோருபவர், முடிவு வெளியான 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். இந்த 45 நாள் கெடுவை எங்கள் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? பத்திரத்தைத் தேர்தலுக்கு முன்பே படித்தவருக்கு மட்டுமே அந்தக் கெடுவால் பயன் உண்டு.

கல்வித் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டமன்ற உறுப்பினராவதற்குப் படிப்பு எதையும் அரசமைப்புச் சட்டம் கேட்கவில்லை. இந்தியக் குடிமகனாகவும் 25 வயது நிறைந்தவராகவும் வாக்காளராகவும் இருந்தால் போதும். அது சரியான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் படிக்காமல் இருப்பது வேறு, படித்ததாகச் சத்தியம் செய்வது வேறு. மணிப்பூர் மாநிலம் மொய்ராங் தொகுதியில் வென்ற ஒருவர், மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றதாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார். அப்படியொரு பட்டம் அவரிடம் இல்லை. எழுத்துப் பிழை என்று அவர் சொன்ன விளக்கத்தை ஏற்காமல், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது செல்லாது என்று 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பேனர்களில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளும் உறுப்பினர்கள், பிரமாணப் பத்திரத்தின் கல்விப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது வாக்காளரின் வேலை. இரண்டும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் எது உண்மை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

சொத்துப் பகுதியைப் படிக்கும்போது நிதானம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டில் சொத்து இரண்டு மடங்கானது என்ற ஒரு வரியை மட்டும் வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. பல வேட்பாளர்கள் நிலத்தின் மதிப்பைப் பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை ஒட்டியே காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அந்த வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே உயர்த்தப்பட்டது. ஆகவே 2016ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருந்த அதே வயல், ஒரு குழிகூடக் கூடாமல் குறையாமல், 2021இல் விலை இறங்கியும் அடுத்த தேர்தலில் விலை ஏறியும் தோன்றக்கூடும். தொகையைப் பார்ப்பதைவிட சர்வே எண்ணைப் பார்க்க வேண்டும். எந்தச் சர்வே எண் புதிதாக வந்திருக்கிறது, எந்தத் தேதியில் வாங்கப்பட்டது, அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் எவ்வளவு, கடன் பகுதியில் அதற்கேற்ற கடன் இருக்கிறதா என்று நான்கையும் சேர்த்துப் படித்தால், கிரயம் எழுதத் தெரிந்த எவருக்கும் கணக்கு பொருந்துகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்தை அந்தப் படிவமே கேட்கிறது. அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பற்றியும் கேட்கிறது. அரசு வேலைக்கான ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி அவர் போட்டியிடவே முடியாது என்பதால் அந்தக் கட்டத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை, வாக்காளரின் அறியும் உரிமைக்கும் எல்லை உண்டு என்று 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கைக்கடிகாரமும் நாற்காலியும் நமக்கு வேண்டாம்; சர்வே எண் போதும்.

குற்ற வழக்குப் பகுதியில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. 'இவர்மீது பதினோரு வழக்கு' என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லித் தேநீர்க் கடையில் தீர்ப்பெழுதுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பதினொன்றும் எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் தடையை மீறிக் கூடியதற்கும், சாலை மறியல் செய்ததற்கும் போடப்படுபவை. சிப்காட் தொழிற்சாலை வளாகத்தின் புகைக்கு எதிராகக் குடிகாடு, ஈச்சங்காடு மக்களோடு உட்கார்ந்தவர்மீதும், 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. சுரங்க நிறுவனம் பச்சைப் பயிரில் இயந்திரத்தை இறக்கியபோது தடுக்கப் போனவர்மீதும் இப்படிப்பட்ட பிரிவுகளில் வழக்குப் பதிவாவது இயல்பு. அந்த வழக்கை ஒரு சான்றிதழாகவே நான் எண்ணுவேன். அதே பட்டியலில் 420 என்ற எண் இருந்தால், யாரை ஏமாற்றியதாக வழக்கு, எந்தக் காவல் நிலையம், குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டதா என்று கேட்காமல் விடக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருப்பதால் புதிய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும். படிக்கிறவர் அதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லும்போது எங்கள் கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலையம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1927இல் சென்னையில் ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை (நீலன் சிலை) அகற்றக் கோரிய போராட்டத்தில் தம் மகளையும் அழைத்துக்கொண்டு சிறைக்குப் போனவர் அவர். பின்னர் வேறு போராட்டங்களிலும் கைதானவர். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றைய படிவம் அன்று இருந்திருந்தால், அவருடைய தண்டனைப் பகுதி நிரம்பியும் கல்விப் பகுதியும் சொத்துப் பகுதியும் ஏறத்தாழ வெறுமையாகவும் இருந்திருக்கும். எதற்காகச் சிறை போனார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்ததால், அந்த வாக்காளர்கள் பிழை செய்யவில்லை.

பிரமாணப் பத்திரம் ஒருவர் யார் என்பதைச் சொல்லும். உறுப்பினராகி என்ன செய்தார் என்பதை அது சொல்லாது. அதற்குச் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தையும் துறைவாரி மானியக் கோரிக்கைகளையும் ஆராய்ந்து ஒப்புதல் தருவதும், அமைச்சரைக் கேள்வி கேட்பதும் என்பதை நாமும் மறந்துவிட்டோம், அவர்களும் மறந்துவிட்டார்கள். அவை நடவடிக்கைகள் அச்சிடப்படுகின்றன. பேரவையின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தால், எங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் எந்த நாளில் எதைப் பற்றி எழுந்து கேட்டார்கள், அமைச்சர் என்ன உறுதி கொடுத்தார், அந்த உறுதி அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறியதா என்பதையெல்லாம் அறியலாம். நான் படித்த பேச்சுகள் பலவற்றில் முதல் பகுதி முழுவதும் தலைவர்களைப் புகழ்வதில் கழிந்து, தொகுதியின் கோரிக்கைகள் கடைசி ஓரிரு நிமிடங்களில் மூச்சு விடாமல் ஒப்பிக்கப்படுவதைக் கண்டு வருந்தினேன். கிடைக்கும் பத்து நிமிடம் தொகுதி மக்களுடையது.

எங்கள் மாவட்டத்தில் கேட்பதற்கா குறை? 2004இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த மாவட்டம் இது. தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததை நேரில் பார்த்தவன் நான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து ஆற்றோரக் குடியிருப்புகளில் புகுந்தபோது, என் தங்கை வீட்டில் இடுப்பளவு நீர். நனைந்துபோன குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களையும் மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட்டிருந்தாள். அணை திறக்கும் முன்னறிவிப்பு தாழ்வான தெருக்களுக்கு எத்தனை மணி நேரம் முன்பு வர வேண்டும், கரை எங்கெங்கே பலவீனமாக இருக்கிறது, முந்தைய வெள்ளத்துக்குப் பிறகு எந்த இடம் சீரமைக்கப்பட்டது என்று அடுத்து வந்த கூட்டத் தொடரில் நம் உறுப்பினர் கேட்டாரா, கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது என்பதுதான் சாதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வெள்ளத்தன்று முழங்கால் நீரில் நின்று சோற்றுப் பொட்டலம் கொடுக்கும் படம்தான் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று அவர் வந்தது நல்லதுதான், நன்றியும் சொல்லலாம். அந்தச் சோற்றை அண்டை வீட்டாரும் கொடுத்தார்கள். அவையில் எழுந்து கேட்பதை அண்டை வீட்டாரால் செய்ய முடியாது.

இன்னொரு ஆவணத்தையும் பலர் மறந்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாமல் இருக்கும் மிக முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும்படி கேட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு அதில் இல்லை. ஓர் உறுப்பினர் தம் தொகுதியை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பத்து வரிகளைவிட நல்ல அளவுகோல் கிடையாது. எந்தப் பத்தை எழுதினார், அவற்றுள் எத்தனை நிறைவேறின, நிறைவேறாதவற்றுக்காக மீண்டும் குரல் கொடுத்தாரா என்று கேட்பதற்கு எந்தச் சட்ட அறிவும் தேவையில்லை. எங்களுக்குக் கிடைத்த சாதனைப் புத்தகத்தில் அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை.

தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வருகிறேன். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வீதம் ஐந்தாண்டுக்கு 15 கோடி ரூபாய் மதிப்புள்ள பணிகளை ஓர் உறுப்பினர் பரிந்துரைக்கலாம்; ஒப்புதல் தருபவர் மாவட்ட ஆட்சியர். இது மக்கள் வரிப்பணம் என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பணிக்கு, எவ்வளவு தொகை, பணி முடிந்த நாள் எது என்று ஐந்து கேள்விகள் மட்டும் கேட்டிருந்தேன். முப்பது நாள் கழித்து வந்த பதிலில் ஒரே ஓர் ஆண்டின் விவரம் இருந்தது. முதல் மேல்முறையீடு செய்த பிறகே மற்ற ஆண்டுகளின் பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியலையும் சாதனைப் புத்தகத்தையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் குறியிட்டுக்கொண்டே படித்தேன். புத்தகத்தில் படத்துடன் போட்டிருந்த ஒரு கலையரங்கம் நிதிப் பட்டியலில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். சுவரில் பதித்திருந்த கல்வெட்டில் உறுப்பினரின் பெயர் பெரிதாகவும், ஊராட்சியின் பொது நிதி என்பது கீழே சுண்ணாம்பு அடித்து மங்கிப்போன சிறிய எழுத்திலும் இருந்தது. திறந்து வைத்தவர் அவர், கட்டியது ஊராட்சி. இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டேன். ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்றில் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் உறுப்பினரின் நிதியிலிருந்து கட்டப்பட்டதாகப் பட்டியல் சொன்னது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே போனபோது மாலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்து போவோம் என்று அங்கிருந்த மூதாட்டி சொன்னார். யார் நிதியில் வந்தது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. உறுப்பினர் செய்த உருப்படியான வேலையை அவர் புத்தகமே விட்டுவிட்டதும், அவர் செய்யாத வேலையை அதே புத்தகம் வண்ணத்தில் அச்சிட்டதும் என்னை வெகுவாக யோசிக்க வைத்தன. ஆவணங்களைப் பார்ப்பது ஓர் உறுப்பினரைக் குற்றம் சாட்டுவதற்கு மட்டும் என்று எண்ணியிருந்த எனக்கு, அவருக்கு உரிய பெயரைக் கொடுப்பதற்கும் அதுதான் வழி என்பது அன்று புரிந்தது.

"இதெல்லாம் எதுக்குண்ணே? நல்லது கெட்டதுக்கு வராரா, போன் பண்ணா எடுக்கறாரா, அது போதாதா?" என்று எங்கள் தெரு நண்பர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறைவாக மதிக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் நான்கு நடை நடந்து களைத்தவருக்கு, உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் பெரிய ஆறுதல். ஆனால் தகுதியுள்ள மூதாட்டிக்கு உதவித்தொகை கிடைக்க ஏன் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் தேவைப்படுகிறது? அந்தக் கடிதம் இல்லாமலே கிடைக்கும்படி அலுவலகத்தை ஒழுங்குபடுத்த அவையில் கேட்க வேண்டியவர், ஐந்தாண்டும் கடிதம் கொடுத்துக்கொண்டே இருந்தால், கடிதம் கிடைக்காதவர்களின் கதி என்ன? காதணி விழாவுக்கும் கருமாதிக்கும் வந்து போவது மனித உறவு. அதை நான் மதிக்கிறேன். அதற்காக அவரை நம் வீட்டுப் பந்தலுக்கு அழைப்போம். சட்டமன்றத்துக்கு அனுப்புவதற்கு வேறு கணக்கும் பார்க்க வேண்டும்.

இனி தங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர்கள் அந்த விவரத்தை வாக்குப்பதிவுக்கு முன் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் தீர்ப்பின் பயனாக வந்த விதி. அப்படிப்பட்டவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், வெற்றி வாய்ப்பு என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த அறிவிப்புகள் தங்கள் நாளிதழிலும் விளம்பரமாக வருகின்றன. ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கும் நடுவில், உள் பக்கத்தில் வருகின்றன. கட்டணம் பெற்று வெளியிடும் விளம்பரத்தின் இடத்தைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. ஆனால் அதே விவரத்தைச் செய்தியாக, எந்தக் கட்சி வேட்பாளருக்கும் சலுகை காட்டாமல், வழக்கின் தன்மையைப் பிரித்துக் காட்டி, மாவட்டப் பக்கத்தில் தாங்கள் வெளியிட முடியும். மாவட்டத்தின் 9 தொகுதிகளுக்கும் தொகுதிக்கு ஒரு நாள் என்று ஒதுக்கி, இப்போதைய உறுப்பினரின் முந்தைய பிரமாணப் பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் ஒப்பிட்டு, அவையில் அவர் எழுப்பியவற்றையும், மேம்பாட்டு நிதிப் பணிகளையும், 2022இல் கொடுத்த பத்துக் கோரிக்கைகளின் இன்றைய நிலையையும் ஒரே பக்கத்தில் போட்டால், வாக்காளருக்கு அது பெரும் உதவியாக இருக்கும். புதிதாக நிற்பவருக்கு அவை நடவடிக்கை இருக்காது என்பதால், அவர் உள்ளாட்சிப் பதவி ஏதாவது வகித்திருந்தால் அங்கே அவர் செய்த பணியை அதே கண்ணோடு பார்க்கலாம். சம்பந்தப்பட்ட உறுப்பினரின் விளக்கத்தையும் அருகிலேயே வெளியிட வேண்டும்; எதிர்த்தரப்பின் பதிலுரை இல்லாமல் எந்த வழக்கும் முடிவதில்லை.

வேட்புமனு தாக்கல் முடிந்து வாக்குப்பதிவு வரை இருக்கும் நாள்கள் மிகக் குறைவு. அந்த நாள்களில் எல்லாப் பத்திரங்களையும் எடுத்துப் படித்து ஒப்பிடும் வசதி ஒரு கூலித் தொழிலாளிக்கோ மீனவப் பெண்ணுக்கோ கிடையாது. நாளிதழுக்கு உண்டு. அந்த வேலையை இப்போதே தொடங்கினால்தான் நேரத்துக்கு முடியும்.

என்னிடம் உள்ள இரண்டு பிரமாணப் பத்திரங்கள், மேம்பாட்டு நிதிப் பட்டியல், மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல், பென்சில் குறியிட்ட அந்தச் சாதனைப் புத்தகம் ஆகியவற்றை ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். தங்கள் கடலூர்ச் செய்தியாளர் வந்தால் எந்த மாலையிலும் பெற்றுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் தன் தொகுதி உறுப்பினரின் இரண்டு பத்திரங்களை எடுத்து, சர்வே எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய பட்டியலையும் சேர்த்தே தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வு பெற்ற வழக்குரைஞர் குமாஸ்தா,
கடலூர்.